மடக்குக் காமிராவின் துருத்தி: ஒளிக்கசிவைக் கண்டறிதலும் வீட்டில் செப்பனிடுதலும்

பழைய மடக்குக் காமிராக்களில் லென்ஸ் கண்ணாடியாலும், ஷட்டரும் கூடும் உலோகத்தாலும் ஆனவை. அறுபது எழுபது ஆண்டுகள் கடந்தும் அவை பெரும்பாலும் உபயோகத்திற்குத் தகுதியாகவே இருக்கின்றன. லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே அமைந்துள்ள துருத்தி அவ்வாறன்று. அது துணி, காகிதம், தோல், பசை ஆகியவற்றால் ஆனது. ஒவ்வொரு முறை காமிராவைத் திறந்து மூடும்போதும் வளைந்து நிமிர்வது. ஆகையால் இவ்வகைக் காமிராவில் முதலில் பழுதடையும் உறுப்புகளில் அதுவே முக்கியமானது. நல்வாய்ப்பாக, நுட்பமான கருவிகள் ஏதுமின்றி வீட்டு மேசையின் மீதே செப்பனிடக்கூடிய உறுப்பும் அதுவே.

அந்தமான் தீவுகளில் இவ்விஷயத்திற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில், கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம் அமைந்துள்ள பகுதி டெலானிபூர். அங்குள்ள ஒரு வீட்டில் பழைய காமிரா ஒன்று இருக்குமாயின், அதைச் செப்பனிடச் சென்னைக்கு அனுப்புவதென்றால் கடல் வழியே ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர், அதாவது சுமார் மூன்று நாள் கப்பற்பயணம் குறுக்கிடுகிறது. மேலும் மே மாதம் தொடங்கி ஆண்டின் இறுதி வரையில் இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறும் இத்தீவுகளில் ஆண்டு மழை ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் ஆகும். இந்த ஈரத்தில் தோலும் துணியும் பூஞ்சணம் பிடிக்கின்றன. பிராணிகளின் தோலிலிருந்து காய்ச்சிய பழைய வகைப் பசை இளகுகிறது. பசையை நாடிக் கரப்பானும் வருகிறது. சமவெளியில் இருபது ஆண்டுகளில் நேரும் சீர்குலைவு இங்கே அதனினும் விரைவில் நேரிடுகிறது.

ஒரு துருத்தியின் பழுதால் என்ன இழக்கப்படும் என்பதற்கு இத்தீவுகளின் வரலாறே சான்று. 1879இல் அந்தமானியர் பொறுப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்ட எம்.வி. போர்ட்மன், 1890களில் அம்மக்களைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். அப்படங்களின் தொகுதிகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. மானிடவியலாளருக்குரிய போட்டோக்கலை பற்றி அவர் 1896இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அக்காலத் தகட்டுக் காமிராக்கள் துருத்தி உடையவை. படமெடுக்கப்பட்டோரின் விருப்பம் எவ்வளவு கேட்கப்பட்டது என்பது வேறு கேள்வி. இன்று ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பழங்குடியினரைப் படமெடுப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது என்பதைக் களப்பணியாளர் அறிவர். ஆயினும் 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 625 பேராக இருந்த பெரிய அந்தமானியர் 1961இல் 19 பேராகக் குறைந்துவிட்டனர் என்பதை நினைக்கும்போது, அத்தகடுகளுள் ஒன்று ஒளி புகுந்து கெட்டிருப்பின் அதை மறுபடி எடுத்திருக்க இயலாது என்பது விளங்கும். ஒரு கரையோரத்தின் நிலை, வெட்டப்படுவதற்கு முன்னிருந்த ஒரு மரம், ஒரு பள்ளியின் பழைய கட்டிடம் ஆகியவையும் இத்தன்மையனவே.

துருத்தியில் உள்ள ஊசிமுனையளவு துளை இவ்வளவு கேடு விளைவிப்பானேன் என்று வியப்புறலாம். ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். 75 மில்லிமீட்டர் குவிய நீளமுள்ள லென்ஸ் எப்/11 துவாரத்தில் வைக்கப்பட்டால், அத்துவாரத்தின் விட்டம் ஏறக்குறைய 6.8 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 36 சதுர மில்லிமீட்டர். துருத்தியிலுள்ள துளையின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அதன் பரப்பு 0.03 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி; லென்ஸின் துவாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆனால் ஷட்டர் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரமே திறக்கிறது. துளையோ காமிரா விரிக்கப்பட்டிருக்கும் நேரம் முழுவதும் திறந்தே இருக்கிறது. படமெடுப்பவர் காட்சியைத் தேர்ந்து, தூரத்தை அளந்து, பொத்தானை அழுத்துமுன் ஒரு நிமிடம் கழியுமானால், துளை திறந்திருக்கும் நேரம் ஷட்டரினுடையதைப் போல் 6,000 மடங்கு. பரப்பையும் நேரத்தையும் பெருக்கிப் பார்த்தால், லென்ஸின் வழியே நுழையும் ஒளியைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு ஒளி இத்துளையின் வழியே நுழைவது புலப்படும். அந்த ஒளி படம் முழுவதும் பரவாமல் ஒரு பகுதியிலேயே விழுவதால் அங்குள்ள கறை இன்னும் கடுமையாகிறது.

இக்கணக்கிலிருந்தே ஒரு தற்காலிக உபாயமும் கிடைக்கிறது. செப்பனிட அவகாசமில்லாத களப்பயணத்தில், காமிராவை மூடியே வைத்திருந்து, எல்லாம் ஆயத்தமான பின்னரே விரித்து, உடனே படமெடுத்து மூடிவிட வேண்டும். விரித்த நேரத்திலும் துருத்தியின் மேல் கறுப்புத் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளலாம். ஒரு நிமிடத்தை ஐந்து விநாடிகளாகக் குறைத்தால் கறையும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும்.

செப்பனிடுமுன், பழுது துருத்தியில்தான் உள்ளதா என்பதை நிச்சயிப்பது அவசியம். குற்றமற்ற துருத்தியைக் கழற்றி வீணாக்கியோர் பலர். கெட்டுப்போன பிலிமே இதற்கு முதற்சாட்சியாகும். பிலிமின் இரு ஓரங்களும் காமிராவின் உட்சட்டத்தால் மறைக்கப்பட்டுள்ளன. துருத்தியின் வழியே வரும் ஒளி சட்டத்தின் திறப்பினுள் மட்டுமே விழக்கூடும். ஆகவே நெகடிவில் கருங்கறை படத்தின் எல்லைக்குள் அடங்கி, ஓரங்கள் தெளிவாக இருந்தால் துருத்தியைச் சந்தேகிக்கலாம். கறை எல்லையைக் கடந்து பிலிமின் விளிம்பு வரை ஓடியிருந்தால் குற்றம் பின்கதவிலோ, கீலிலோ, பிலிம் சுருளைத் தளர்வாகச் சுற்றியதிலோ இருக்கும். பின்கதவிலுள்ள சிவப்புச் சாளரத்தையும் மறத்தலாகாது. அச்சாளரம் சிவப்பு ஒளியை உணராத பழைய பிலிம்களுக்காக அமைக்கப்பட்டது. இப்போதைய பான்குரோமாடிக் பிலிம் எல்லா நிறங்களையும் உணர்வது. அதற்குச் சிவப்புக் கண்ணாடி காவலாகாது. எண்ணைப் பார்க்கும் கணம் தவிர மற்ற நேரங்களில் அதை மூடி வைக்க வேண்டும்.

துளை எப்பக்கத்தில் உள்ளது என்பதையும் படமே கூறுகிறது. இது வகுப்பில் மாணவரைக் கொண்டு தர்க்கம் செய்விக்கத் தக்க ஒரு சிறு புதிர். துருத்தியின் மேற்புறத்தில் துளை இருந்தால், அதன் வழியே இறங்கும் ஒளி பிலிமின் கீழ்ப்பகுதியில் விழும். ஆனால் லென்ஸ் ஏற்படுத்தும் பிம்பம் தலைகீழானது. பிலிமின் கீழ்ப்பகுதியில் பதிவது காட்சியின் வானம். அச்சிட்ட பிரதியை நிமிர்த்திப் பார்க்கும்போது வெண்கறை வானத்திலேயே, அதாவது மேற்பக்கத்திலேயே தோன்றும். இடவலத்திற்கும் இதுவே விதி. இரு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், பிரதியில் கறை தோன்றும் பக்கமும், படமெடுப்பவர் நிலையிலிருந்து நோக்கினால் துளை உள்ள பக்கமும் ஒன்றே. ஒளி துருத்தியின் உட்சுவரில் பட்டுச் சிதறியிருந்தால் மட்டும் இவ்விதி தவறலாம்; அப்போது கறையும் உருவமற்ற மூட்டமாகவே இருக்கும்.

அடுத்தது கண்ணால் காணும் பரிசோதனை. இரவில், விளக்கணைத்த அறையில், பிலிம் இல்லாத காமிராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை மூடியவாறே துருத்தியை முழுதும் விரிக்க வேண்டும். சிறிய டார்ச் விளக்கொன்றைப் பின்புறமாக உள்ளே செலுத்தி, விளக்கைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கறுப்புத் துணியால் அடைக்க வேண்டும். இருளுக்குக் கண் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குமுன் பார்த்துத் துளை இல்லையென்று முடிவு செய்வது வீண். பின்னர் காமிராவை எல்லாப் பக்கமும் மெல்லத் திருப்பினால் துளைகள் விண்மீன்களைப்போல் ஒளிரும். மடிப்பின் முகங்களில் அவை அரிது; பெரும்பாலும் மூலைகளிலேயே காணப்படும். அங்கே துணி ஒரே நேரத்தில் இரு திசைகளில் மடிந்து உரசுவதே காரணம். ஒவ்வொன்றின் அருகிலும் வெள்ளைச் சாக்பென்சிலால் குறியிடலாம்.

துருத்தியின் பொருளை அறிவதும் இக்கட்டத்தில் பயன் தரும். ஜெர்மனியில் மியூனிக் நகரில் தயாரான அக்பா ஐசோலெட் காமிராக்களுள், போருக்குப் பிந்தியவற்றின் துருத்திகள் பல செயற்கைப் பூச்சுள்ள துணியாலானவை. அப்பூச்சு மூலைகளில் வெடித்துத் துளைபடுவது உலகெங்கும் அறியப்பட்ட குறை. அதே காலத்து ஜைஸ் இகான் காமிராக்களின் தோல் துருத்திகள் பொதுவாக இவற்றினும் நன்கு நிலைத்துள்ளன. பரோடாவில் தயாரிக்கப்பட்டு நம் நாட்டில் பெரிதும் பரவிய அக்பா கிளிக் 3 காமிராவுக்குத் துருத்தியே கிடையாது. அதில் ஒளி கசிந்தால் கதவையும் சாளரத்தையும் பார்த்தால் போதும்.

துளைகள் சிலவாகவும் சிறியனவாகவும் இருந்தால் பூச்சு ஒன்றே போதுமானது. இதற்கு ஓவியர் பயன்படுத்தும் கறுப்பு அக்ரிலிக் வண்ணம் ஏற்றது. வண்ணத்தைச் சிறிது நீர் விட்டு இளக்கி, பல் குத்தும் குச்சியின் முனையால், துருத்தி விரிந்த நிலையில், வெளிப்புற மூலையில் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒரே தடிப்பான பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் மேலானவை; தடிப்பான பூச்சு வளைய மறுத்து மீண்டும் வெடிக்கும். ஒவ்வொன்றும் முழுதும் உலர்ந்த பின்னரே அடுத்தது. மழைக்காலத்தில் இதற்கு ஒரு நாள் கூடப் பிடிக்கலாம். இறுதியில் சிறிதளவு முகப்பவுடரைத் தூவித் துடைத்துவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளா. அப்பவுடர் லென்ஸின் உட்புறத்தை அடையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற இடங்களில் சிலர் தச்சர் உபயோகிக்கும் வெள்ளைப் பசையில் கரியைக் கலந்து பூசுகின்றனர். வறண்ட ஊர்களில் அது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் அப்பசை ஈரத்தில் மீண்டும் இளகும் இயல்புடையது. டெலானிபூரின் ஆகஸ்டு மாதத்தில் மூடி வைத்த துருத்தி திறக்கும்போது ஒட்டிக் கிழிய நேரிடும். நகப்பூச்சு கண்ணாடிபோல் இறுகி உதிர்கிறது. மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவின் பசை வெப்பத்தில் வழிந்து மற்ற மடிப்புகளையும் பாழாக்குகிறது. அத்துடன் அதன் தடிப்பால் காமிராவே மூடாமற் போகலாம். கைக்கு எளிதிற் கிட்டுகிறது என்பது தவிர இந்நாடாவுக்குச் சிறப்பு ஏதுமில்லை.

கிழிசல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் ஒட்டுத் துணி தேவை. மழை மிகுந்த ஊரில் பழைய குடைக்குப் பஞ்சமில்லை. கறுப்புக் குடைத்துணி மெல்லியது, வலுவானது, நன்கு மடியக்கூடியது. ஆனால் அதை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவுவது தெரியும். ஆகவே ஒட்டுமுன் ஒரு பக்கம் அக்ரிலிக் வண்ணம் பூசி உலர்த்த வேண்டும். ஒட்டுவதற்குச் சைக்கிள் கடையில் பஞ்சருக்கு உபயோகிக்கும் ரப்பர் சொல்யூஷன் பொருத்தமானது. அது உலர்ந்த பின்னும் வளையும், ஈரத்தால் இளகாது. சைக்கிள் கடைக்காரர் செய்வதுபோலவே இரு பரப்புகளிலும் மெல்லியதாகத் தடவி, ஈரப்பளபளப்பு மறையும் வரை பொறுத்து, பின் அழுத்த வேண்டும். துணியைக் கிழிசலினும் சற்றே பெரியதாக, மூலைகள் வட்டமாகக் கத்தரித்துக்கொள்வது நல்லது. இச்சொல்யூஷன் எளிதில் தீப்பற்றுவதாகையால் சன்னலைத் திறந்து வைத்து, அருகில் அடுப்போ எரியும் விளக்கோ இன்றி வேலை செய்ய வேண்டும்.

மூலைகள் எல்லாமே துளைபட்டிருந்தால் ஒட்டுவதை விட்டுப் புதுத் துருத்தி செய்வதே முறை. பழைய துருத்தி முன்புறம் ஷட்டரைப் பிடித்துள்ள வளையத்தாலும், பின்புறம் வளைத்த உலோக நாக்குகளாலோ பசையாலோ நிறுத்தப்பட்டுள்ளது. வளையத்தைத் திருகி எடுத்தால் லென்ஸும் ஷட்டரும் ஒரே தொகுதியாக வெளிவரும். அதனைப் பிரித்தலாகாது. அதன் அடியில் காகிதம் போன்ற உலோகத் தட்டு ஏதேனும் இருந்தால் அது குவியத்தைச் சரிசெய்ய வைக்கப்பட்டது. அதே இடத்தில் திரும்ப வைக்கத் தவறினால் ஒளிக்கசிவு நீங்கிப் படம் தெளிவற்றுப் போகும். பழைய துருத்தியைத் தையல் அல்லது ஒட்டு உள்ள பக்கத்தில் பிரித்து விரித்தால் மடிப்புக் கோடுகள் யாவும் தெரியும். அதுவே அச்சு. அதன்படி வெளியே புத்தகம் கட்டும் மெல்லிய கறுப்புத் துணி, உள்ளே மெல்லிய கறுப்புத் துணி, இடையே ஒவ்வொரு முகத்திற்கும் காகிதப் பட்டைகள் என ஒட்ட வேண்டும். பட்டைகளுக்கிடையே மடிப்பு விழுவதற்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தேவை.

இங்கே பெரும்பாலோர் தவறுவது தடிப்பில். துருத்தியில் 10 மடிப்புகள் உள்ளன என்றும் சுவரின் தடிப்பு 0.4 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், ஒவ்வொரு மடிப்புக்கும் இரு சுவர்களாக, மூடிய நிலையில் 8 மில்லிமீட்டர் இடம் வேண்டும். தடிப்பு 0.7 ஆனால் 14 மில்லிமீட்டர். மூலைகளில் இதனினும் அதிகம். சட்டைப்பையில் அடங்கும் காமிராவில் அவ்வளவு இடமிராது. பலவந்தமாக மூடினால் முன்பலகையின் கைகள் வளைந்து லென்ஸ் சாயும். எனவே துணியையும் காகிதத்தையும் ஒட்டிப் பார்த்து, பத்துத் துண்டுகளை அடுக்கி அளவுகோலால் அளந்து, பத்தால் வகுத்துக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் வெறும் பழுப்புக் காகிதத்தில் ஒரு மாதிரி மடித்துப் பார்ப்பதும் நன்று; மடிப்புகளின் ஒழுங்கைக் கை கற்றுக்கொள்வதற்கு அரை மணி நேரம் செலவானாலும் தாழ்வில்லை.

செப்பனிட்ட துருத்தியை விரைந்து விரித்தலாகாது. உள்ளே காற்று புகுமுன் துருத்தி விரிந்தால் உறிஞ்சல் ஏற்பட்டுப் பிலிம் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. படத்தின் நடுப்பகுதி தெளிவிழக்கிறது. ஓட்டைத் துருத்தியில் காற்று எளிதில் புகுந்ததால் இக்குறை முன்பு தோன்றாதிருந்திருக்கலாம். மெல்ல விரித்து, விரித்த பின் பிலிமைச் சுற்றுவதே பாதுகாப்பு. காமிராவைத் தோலுறையில் வைப்பது இத்தீவுகளுக்கு உகந்ததன்று. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணத்தை லென்ஸ் வரை பரவச் செய்கிறது. இறுக மூடும் டப்பாவில், உலர்த்திய சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, மாதம் ஒருமுறை வெளியில் எடுத்துச் சில மணி நேரம் விரித்து வைக்கலாம்.

டார்ச் பரிசோதனையில் துளை ஏதும் தென்படாவிட்டாலும், முக்கியமான பணிக்குக் காமிராவை எடுத்துச் செல்லுமுன் இன்னொரு பரிசோதனை தேவை. கண்ணுக்குப் புலப்படாத மங்கல் ஒளியையும் பிலிம் நிமிடக்கணக்கில் சேர்த்துக்கொள்ளும். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இயங்கவில்லை. பிலிமை இறக்குமதியாகப் பெற வேண்டியிருப்பதால் சோதனைக்கென்று ஒரு சுருளைச் செலவிடப் பலர் தயங்குவர். இருட்டறை வசதியுள்ள பள்ளியில் இதற்கு பிரோமைடு காகிதம் போதும். சிவப்பு விளக்கின் கீழ் அதைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, பளபளப்பான பக்கம் லென்ஸை நோக்கும்படி பிலிமின் இடத்தில் வைத்து, கதவை மூடி, காமிராவை விரித்து, ஷட்டரைத் திறக்காமல் வெயிலில் வைக்க வேண்டும். காகிதத்தின் வேகம் சாதாரண 100 ஐ.எஸ்.ஓ. பிலிமின் வேகத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. ஆகவே பிலிமுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டால் காகிதத்திற்கு 20 நிமிடம். இடையிடையே காமிராவைத் திருப்பி எல்லாப் பக்கமும் வெயில் படச் செய்து, பின்னர் இருட்டறையில் காகிதத்தை டெவலப் செய்தால் அது வெண்மையாகவே இருக்க வேண்டும். எங்கேனும் கறுத்திருந்தால், காகிதத்தை எடுக்குமுன் அதன் மேல்விளிம்பில் பென்சிலால் இட்ட குறியைக் கொண்டு இடத்தை அறியலாம். இங்கே லென்ஸின் பிம்பம் இல்லாததால் பிரதிக்குக் கூறிய விதி பொருந்தாது: காகிதத்தின் கீழ்ப்பகுதி கறுத்திருந்தால் துளையைத் துருத்தியின் மேற்புறத்தில் தேட வேண்டும்.